சின்ன மலை காணும்



போன முறை நான் பேசியபோது வருமானவரிப் படிவங்களைப் பற்றி அரை மணித்தியாலம் எடுத்துவிட்டேன். நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு அம்மா தொலைபேசியில் வந்து, "தம்பி, கணக்கு வழக்கு எல்லாம் சரி, உங்களுக்கு வேறு ஒன்றும் கதைக்கத் தெரியாதோ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் இம்முறை மலையைப் பற்றிக் கதைக்கப்போகிறேன். அதுவும் பனிமலை. பாலைவனத்தில் இருக்கும் ஒரு பனிமலை. கணக்கு இடையிலே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்க தோஷம்.

கனடாவில் இருக்கிற நமக்கு பனி புதிதல்ல. வந்த முதல் வருடம் வாசலில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். இரண்டாம் வருடம் சவளால் அள்ளினோம். மூன்றாம் வருடம் திட்டத் தொடங்கினோம். ஆனால் அந்தப் பனியின் மேல் காசு கொடுத்துச் சறுக்கப் போவது என்பது நம்முடைய தலைமுறைக்குக் கொஞ்சம் விசர் வேலை மாதிரித்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் மகள் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போய்ப் பழகிவிட்டாள். பிறகு வருடா வருடம் என்னை நச்சரித்து, 2023 இல் ஒரு பெரிய மலைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். மலையின் பெயர் வேண்டாம். சனிக்கிழமை. வாகனம் நிறுத்த இடம் தேடியது முக்கால் மணித்தியாலம். சப்பாத்து வாடகைக்கு எடுக்க ஒரு வரிசை, லிப்டுக்கு ஒரு வரிசை, கோப்பிக்கு ஒரு வரிசை. கடைசியில் நான் ஏறக்கூடாத ஒரு லிப்டில் ஏறி, மேலே போய்ப் பார்த்தால் பச்சை வட்டம் போட்ட பாதை ஒன்றையும் காணவில்லை. எல்லாம் கறுப்பு வைரம். இங்கே பச்சை வட்டம் என்றால் பழகுகிறவனுக்கு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் வல்லவனுக்கு. நான் பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, ஓரமாக நடந்தே இறங்கினேன். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று என்னைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஆறு மணித்தியாலத்தில் மகள்கூட ஐந்து தரம்தான் இறங்கினாள். மிச்ச நேரம் முழுக்க வரிசை.

இனி, சின்ன மலைக்கு வருகிறேன். அதற்கு முதல் என் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தகப்பனாருக்குக் கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல். நாங்கள் மூன்று பேர். அண்ணா மூத்தவர், பிறகு தங்கச்சி, நான் நடுவில். அண்ணா 1988 இல் குவைத்துக்குப் போனவர். 1990 ஓகஸ்ட்டில் ஈராக் படை உள்ளே வந்தபோது, கையில் இருந்ததை விட்டுவிட்டு ஜோர்தான் எல்லை வரை வந்து, கூடாரத்தில் கிடந்து, கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். ஊரில் சண்டை, போன இடத்திலும் சண்டை. 1992 இல் திரும்பவும் வளைகுடாவுக்கு, இந்தமுறை ஷார்ஜா. ஒரு கொம்பனியில் களஞ்சியப் பொறுப்பு. 95 இடப்பெயர்வுக்குப் பிறகு நான் கொழும்புக்கு வந்து, வணிகமாணிப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, 1997 இல் என்னையும் ஷார்ஜாவுக்கு எடுத்தவர் அவர்தான். ரோலாவில் ஒரு அறையில் ஆறு பேர். எனக்கு மேல் கட்டில், அண்ணாவுக்குக் கீழ்க் கட்டில். ஏழு வருடம் அப்படி இருந்தோம். 2004 இல் நான் கனடாவுக்கு வந்தேன். அதற்கு வேண்டிய காசில் பெரும்பங்கு அண்ணாவுடையது. தங்கச்சியை சுவிஸுக்கு அனுப்பியதும் அவர்தான்.

நாங்கள் இரண்டு பேரும் பனி விழும் நாடுகளில் வீடு வாங்கினோம். அண்ணா அதே ரோலாவில் இருந்தார்.

ஏன் ஒருமுறையாவது கனடாவுக்கு வந்து பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவில் மனுசியையும் பிள்ளைகளையும் பார்க்க ஊருக்குப் போவாரா, என்னைப் பார்க்க வருவாரா? கணக்கு அவ்வளவுதான்.

டுபாயில் ஷேக் சயிட் வீதியால் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பெரிய குழாயைச் சரித்து வைத்தது போல, கடைத்தொகுதியின் கூரைக்கு மேலால் ஒரு கட்டடம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் ஸ்கீ டுபாய். 2005 செப்டெம்பரில் மோல் ஒஃப் தி எமிரேட்ஸ் திறந்தார்கள். அந்த வருட டிசெம்பரில் அதற்குள் இந்தப் பனிமலை. மத்திய கிழக்கில் கட்டடத்துக்குள் கட்டிய முதலாவது பனிச்சறுக்கு இடம் அது. நான் அங்கிருந்து வெளிக்கிட்டு ஒரு வருடத்தில் திறந்தபடியால் எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. அண்ணாவின் அறையில் எனக்குப் பிறகு வந்து சேர்ந்த இரண்டு பெடியன்கள் அந்தக் கட்டடத்தில் குளிரூட்டிக் குழாய் பொருத்திய ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்தவர்கள். வெளியில் நாற்பத்தைந்து பாகை, உள்ளே பனி பெய்யப்போகிறது என்று அவர்கள் சொன்னபோது அறையில் ஒருவரும் நம்பவில்லையாம்.

அளவைச் சொன்னால் உங்களுக்கு அது எவ்வளவு சின்னது என்று விளங்கும். மொத்தப் பரப்பு 22,500 சதுர மீற்றர். உயரம் 85 மீற்றர், ஏறத்தாழ இருபத்தைந்து மாடி. ஐந்து பாதைகள். ஆக நீளமானது 400 மீற்றர், அதில் மேலிருந்து கீழே வரும் இறக்கம் 60 மீற்றர் மட்டும்தான். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் இருக்கும் புளூ மவுண்டினில் இறக்கம் சுமார் 220 மீற்றர். 2010 ஒலிம்பிக் நடந்த விஸ்லரில் 1,500 மீற்றருக்கும் மேல். அந்த மலைகளின் முன்னால் இது ஒரு பிட்டி. ஷாங்காயில் 2024 இல் திறந்த உள்ளரங்கப் பனி இடம் 90,000 சதுர மீற்றர் என்கிறார்கள். அதற்கு முன்னாலும் இது சின்னன்தான்.

உள்ளே பகலில் பூச்சியத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு பாகை. இரவில் ஆட்கள் போன பிறகு இன்னும் கீழே இறக்கிவிட்டு, மேலிருக்கும் குழாய்களால் தண்ணீரைப் புகையாகத் தெளிப்பார்கள். அது விழுகிறபோதே உறைந்து பனியாகும். வேறு ஒரு மருந்தும் இல்லை, தண்ணீரும் குளிரும்தான். காலையில் இயந்திரத்தால் வாரிச் சமப்படுத்திவிடுவார்கள். தடித்த சுவர், நடுவில் வெப்பம் புகாத அடைப்பு. ஒரு பெரிய பிரிட்ஜ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எவ்வளவு மின்சாரம் போகும், பாலைவனத்தில் இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் பிழை இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் மைனஸ் இருபதில் வீட்டைச் சூடாக்கி, கோடையில் அதே வீட்டைக் குளிராக்கி இருக்கிற நான் அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்க வேண்டும்.

இந்த மலைக்கு ஒரு யன்னல் இருக்கிறது. கடைத்தொகுதிக்குள் நடந்து போகிறவர்கள் நின்று பார்க்கும்படி பெரிய கண்ணாடி. காசில்லை. அண்ணா அந்தக் கண்ணாடிக்குப் பழைய வாடிக்கையாளர். ஊரிலிருந்து புதிதாக ஒரு பெடியன் அறைக்கு வந்தால், முதல் விடுமுறை நாளில் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிற்பாட்டுவது அவருடைய வழக்கம். "இதுதான் ஸ்நோ. அவன்மார் லண்டனிலை, கனடாவிலை இதுக்குள்ளைதான் நிக்கிறாங்கள்" என்று விளக்கம் கொடுப்பாராம். இருபது வருடத்தில் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார் என்று கேட்டேன். முப்பது நாற்பது பேர் இருக்கும் என்றார். உள்ளே போனாரா? இல்லை. ஒருதரம்கூட இல்லை. "ஒரு ரிக்கெற் காசு ஊரிலை ஒரு மாதக் கறி புளிக்குக் காணும்" என்றார்.

உண்மையான பனியும் அங்கே விழுந்திருக்கிறது நேயர்களே. ராஸ் அல் கைமாவில் ஜெபல் ஜைஸ் மலையில் 2004 டிசெம்பரில் ஒருதரம், 2009 ஜனவரியில் ஒருதரம் பனி கொட்டி மலையுச்சி வெள்ளையாகிவிட்டது. இரண்டாம் முறை ஷார்ஜாவிலிருந்து ஆட்கள் வாகனம் பிடித்துப் பார்க்கப் போனார்கள். அண்ணாவின் அறைக்காரர்களும் போகக் கேட்டார்கள். அவர் போகவில்லை. அந்த மாதம் 2 ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. அண்ணி, இரண்டு பிள்ளைகள், எங்கள் அம்மா, எல்லோரும் அந்த நேரம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை மெனிக் பாம் முகாமில் கண்டுபிடிக்கும் வரைக்கும் அண்ணா தொலைபேசிக்குப் பக்கத்தை விட்டு அசையவில்லை. அம்மா அங்கே வந்து சேரவில்லை. இதை நான் இதற்கு மேல் சொல்லவில்லை, உங்களில் பலருக்கு உங்களுடைய 2009 இருக்கிறது.

2024 நடுப்பகுதியில் அண்ணா வேலையை விடப்போகிறேன் என்றார். அறுபத்திரண்டு வயது. மூன்று வருடத்துக்கு முதல் இருதயத்தில் ஒரு ஸ்டென்ற் வைத்தது. வளைகுடாவில் வேலை முடிந்தால் வீசாவும் முடிந்தது. முப்பது வருடம் இருந்தாலும் அந்த நாடு உங்களுடையது ஆகாது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓய்வுகால வீசா என்று ஒன்று இப்போது உண்டு. ஆனால் அதற்குக் காட்ட வேண்டிய சேமிப்பும் வருமானமும் களஞ்சியப் பொறுப்பாளரிடம் இருக்காது. ஓய்வூதியமும் இல்லை. கிடைப்பது சேவைக்காலப் பணிக்கொடை. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள், மொத்தம் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. அடிப்படைச் சம்பளம் என்ற சொல்லைக் கவனியுங்கள். படிகள் சேராது. அண்ணா கொம்பனி மாறியபடியால் கடைசிக் கொம்பனியின் வருடங்கள் மட்டும்தான். நான் இங்கிருந்து தொலைபேசியில் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காணும், கிணறு இறைக்க ஒரு மோட்டர் வாங்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் தங்கச்சியும் நானும் கூடி யோசித்தோம். ஊருக்குப் போக முதல் மூன்று குடும்பமும் ஒரு இடத்தில் சேர்வோம். தங்கச்சி பேர்னில் இருக்கிறாள். அண்ணாவை சுவிஸுக்குக் கூப்பிடுவோம், யுங்பிறவ்யொக்குக்குக் கூட்டிப்போவோம், 3,454 மீற்றர் உயரத்தில் ரயில் நிலையம், அங்கே நின்று பனியைப் பார்க்கட்டும் என்றாள். நான் விடுவேனா? கனடாவுக்குக் கூப்பிடுவோம், விஸ்லருக்குப் போவோம் என்றேன். இரண்டு பேரும் அண்ணாவுக்குக் கடன்பட்டவர்கள் அல்லவா, யார் பெரிய மலையைக் காட்டிக் கடனைத் தீர்ப்பது என்று எங்களுக்குள் ஒரு போட்டி. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அண்ணாவின் விருப்பத்தை இரண்டு கிழமையாக ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் கேட்டபோது அவர் சொன்னது இது. "எனக்கு ஏனடா பெரிய மலை? நெஞ்சிலை கம்பி வைச்ச ஆள் நான். விழுந்தால் எழும்பக்கூடியதா ஒரு சின்ன மலை காணும். நான் பாக்கிற மலை இஞ்சை இருக்கு. உள்ளுக்கை ஒருக்காப் போவம்."

அப்படித்தான் 2025 ஜனவரியில் இரண்டு குடும்பங்கள் டுபாயில் போய் இறங்கின.

இதில் நாள் பார்ப்பது முக்கியம், போக நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். டிசெம்பர் கடைசியில் போனால் உலகம் முழுக்க அங்கே நிற்கும். நாங்கள் விடுமுறை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போனோம். கிழமையும் பார்க்க வேண்டும். நாங்கள் அங்கே இருந்த காலத்தில் வியாழன் வெள்ளி விடுமுறை, 2006 இல் அது வெள்ளி சனியாகியது, 2022 ஜனவரியிலிருந்து சனி ஞாயிறும் வெள்ளி பிற்பகலும். பழைய ஞாபகத்தில் ஞாயிற்றுக்கிழமை வெறுமையாக இருக்கும் என்று போய்விடாதீர்கள். நாங்கள் தெரிந்தெடுத்தது 14 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. தைப்பொங்கல். அங்கே வேலைநாள், பள்ளிக்கூட நாள். ரோலா அறையில் மின்னடுப்பில் காலையில் பொங்கி, பல்கனியில் சூரியனுக்குப் படைத்துவிட்டு, பஸ்ஸில் டுபாய் யூனியன், அங்கிருந்து மெற்றோ. நான் டாக்சி பிடிப்போம் என்றேன். அண்ணா விடவில்லை. அந்த மெற்றோ 2009 செப்டெம்பர் 9 ஆம் திகதி ஓடத் தொடங்கியது, 9-9-9 என்று அவருக்கு எப்போதும் பெருமை. நிலையத்திலிருந்து கடைத்தொகுதிக்குள் வெயில் படாமல் நடக்கலாம்.

ஜக்கெற், காற்சட்டை, சப்பாத்து, பலகை எல்லாம் ரிக்கெற்றோடு தந்தார்கள். நாங்கள் போன அன்று கையுறை மட்டும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. நான் பணப்பையை எடுக்க முதல் அண்ணா தன்னுடைய காசைக் கொடுத்துவிட்டார். "சறுக்கிறது உன்ரை செலவு, கையுறை என்ரை" என்றார். சரிபாதி என்று கொப்பியிலும் எழுதிக்கொண்டார். அவரிடம் 1992 இலிருந்து எழுதும் கொப்பிகள் இருக்கின்றன. நான் கணக்காளனானதற்கு பல்கலைக்கழகம் ஒரு காரணம், அந்தக் கொப்பிகள் மற்றது.

பழகாதவர்களை நேராக மேலே விடமாட்டார்கள். நிற்கவும் திரும்பவும் தெரிந்தால்தான் பாதை. அடிவாரத்தில் ஒரு சின்னச் சாய்வில் பாடம். எங்களுக்கு வாய்த்த பயிற்றுநர் ஒரு நேபாளப் பெடியன். என் மகள் ஆங்கிலத்தில் அவனுக்குப் பெரியப்பாவின் ஸ்டென்ற் பற்றி விளங்கப்படுத்தத் தொடங்க, அண்ணா இடையில் புகுந்து ஹிந்தியில் தன் கதையை முழுவதும் சொல்லிவிட்டார். வைத்தியர் சரி சொன்னதையும் சேர்த்து. முப்பது வருட வளைகுடா ஹிந்தி. பெடியனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு பாடம் முழுக்க ஹிந்திதான். இங்கே அந்தப் பெரிய மலையில் எனக்குப் பாடம் சொன்னவனின் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கியது என்பதை ஒரு பக்கக் குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் நண்டு நடை. பலகையோடு பக்கவாட்டில் அடி வைத்து ஏறுவது. பிறகு விழுந்தால் எழும்புவது எப்படி என்று. பிறகு வேகத்தைக் குறைக்கும் முறை. பலகைகளின் முன் நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து பின்னால் விரிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பீட்சாத் துண்டு என்று சொல்லிக் கொடுப்பார்கள். அண்ணாவுக்கு அது ஏறவில்லை. பெடியன் கையால் வடிவைக் காட்டினான். "ஓ, கலப்பை!" என்றார் அண்ணா. ஆங்கிலத்திலும் அந்த நிலைக்குப் பனிக்கலப்பை என்றுதான் பெயர் என்று மகள் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் சரியாகச் செய்தார். வயலில் கலப்பை பிடித்த கால் மறக்கவில்லை போல. நான்தான் இரண்டு தரம் விழுந்தேன்.

அன்று காலை அந்த மலையில் மொத்தம் முப்பது பேர் இருந்தால் அதிகம். லிப்டில் வரிசை இல்லை. இதைத்தான் நான் சின்ன மலையின் வசதி என்கிறேன். மகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "அப்பா, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு போய்ப் போய் வந்தாள். இரண்டு மணித்தியாலத்தில் பதினெட்டுத் தரம் இறங்கினாள், நான் எண்ணினேன். பெரிய மலையில் ஆறு மணித்தியாலத்தில் ஐந்து. ஒரு இறக்கத்துக்கு அடக்க விலை எவ்வளவு என்று அங்கேயே மனதில் போட்டுப் பார்த்தேன். அதைவிட, அடுத்த தரம் எங்கே பிழை விட்டோம் என்பது ஞாபகம் மாறாமல் உடனே திரும்பவும் அதே இடத்தில் திருத்தலாம். பழகுகிறவனுக்கு இது பெரிய விஷயம். அந்த நாட்டுக்காரரும் 2026 மிலானோ கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பங்கெடுத்துவிட்டார்கள். பனியில்லாத நாட்டுக்கு அது சாதாரண விஷயமல்ல.

பெரிய மலையில் ஒரு குடும்பம் காலையில் பிரிந்தால் மாலையில்தான் சந்திக்கும். வல்லவன் ஒரு பக்கம், பழகுகிறவன் ஒரு பக்கம், என்னைப்போல ஆள் கோப்பிக் கடையில். இங்கே மேலிருந்து வருகிறவளும் கீழே விழுந்து கிடக்கிறவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தங்கச்சி சறுக்கவில்லை, பனிப் பூங்காவில் மருமகனோடு நின்றாள். அவளுக்கும் எங்களைத் தெரிந்தது. அண்ணா ஒவ்வொரு தரம் நின்றதற்கும் அவள் அங்கிருந்து கை தட்டினாள்.

பாடத்தின் கடைசியில் பெடியன் அண்ணாவைச் சாய்வின் மேல் பக்கம் நிற்பாட்டி, இனித் தனியாக வாருங்கள் என்றான். "ஆகே தேக்கோ, நீச்சே நஹீ." முன்னே பார், கீழே பார்க்காதே. அண்ணா இறங்கினார். வேகம் ஒன்றும் இல்லை, நடக்கிற வேகம்தான். முழங்கால் கொஞ்சம் நடுங்கியது. நேராக அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் வந்தார், சாய்வு அந்தப் பக்கம்தான் முடிகிறது. கண்ணாடிக்கு வெளியே நாலைந்து பேர் நின்றார்கள். சீருடையைப் பார்த்தால் ஏதோ கட்டட வேலைக்காரர் போல. எங்கள் நாட்டவரா, வங்காளிகளா தெரியாது. ஒருவன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அண்ணா கலப்பை போட்டு நின்றார். விழவில்லை. நின்று, அவர்களைப் பார்த்து, வலது கையைத் தூக்கினார். அவர்களும் தூக்கினார்கள்.

நான் படம் எடுக்க மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு அவர் திரும்பச் சறுக்கவில்லை. "காணும்" என்றார். கதிரை லிப்டில் ஒரு சுற்றுப் போக வேண்டும் என்றார். நாலு பேர் அமரும் கதிரை, கால் தொங்க மெதுவாகப் போகும். மகளும் அவரும் போனார்கள். அவளுடைய தமிழ் உங்கள் பிள்ளைகளின் தமிழ் போலத்தான், விளங்கும், வாயில் வராது. பெரியப்பாவோடு அதுவரை தொலைபேசியில் "நல்லா இருக்கிறீங்களா" என்பதைத் தாண்டிக் கதைத்ததில்லை. அந்தச் சில நிமிடத்தில் அவர் அவளுக்கு 2009 இல் மலையில் பனி விழுந்த கதையைச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் பார்க்கப் போனதும், தான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்ததும், அன்று அம்மாவின் குரலைக் கடைசியாகக் கேட்டதும். அந்தக் கடைசித் தொலைபேசி அழைப்பு எனக்குத் தெரியாத விஷயம். பதினாறு வருடம் என்னிடம் சொல்லவில்லை. இரவு விடுதியில் மகள் தன்னுடைய அரைத் தமிழில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். "சாப்பிட்டியா எண்டு கேட்டவவாம்" என்றாள்.

அடுத்த நாள் அண்ணாவிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தேன், அவர் பணிக்கொடைக் கணக்கை எடுத்து முன்னால் வைத்தார். அதையே பார்த்தோம். இரண்டு நாள் லீவுப் பணம் விடுபட்டிருந்தது, கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

2025 ஏப்ரலில் அண்ணா ஊருக்குப் போய்விட்டார். மோட்டர் வாங்கியாகிவிட்டது. போன கிழமை கதைத்தபோது, கையுறை எங்கே என்று பகிடிக்குக் கேட்டேன். தேசிக்காய் ஆயப் போட்டுக்கொண்டு போகிறாராம். அது குளிருக்குத் தைத்தது அண்ணா, முள்ளுக்குத் தாங்காது என்றேன். "இரண்டு விரல் ஏற்கெனவே ஓட்டை. மிச்சம் எட்டு இருக்கு" என்றார்.

கதை கேட்ட அம்மாவுக்கு நன்றி. அடுத்த மாதம் திரும்பவும் வரிப்படிவம்தான், தப்ப முடியாது.